தெளிந்ததெல்லாம் நல்ல தண்ணீர் அல்ல



ஆற்றிலே பாலமோ தடுப்பணையோ கட்டும்போது பார்த்திருப்பீங்க. அஸ்திவாரக் குழியில் ஊற்று சுரக்கும். அதை என்ஜின் வைத்து இறைத்து, பக்கத்திலேயே ஆற்றில் விட்டுவிடுவார்கள். ஆற்றுத் தண்ணீர் ஆற்றுக்கே போகுது, இதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். கெடுதல் இரண்டு. ஒன்று கலங்கல், மற்றொன்று காரம்.

முதலில் கலங்கல். சேற்றுத் தண்ணீர் வாய்க்காலைத் தூர்க்கும், புட்வால்வை அடைக்கும், மீன் முட்டைகளை மூடிவிடும். இதற்கு மருந்து, தண்ணீரை அசையாமல் நிற்க விடுவதுதான். ஓர் அடி ஆழம் இறங்க நுண்மணலுக்கு ஒரு நிமிஷம் போதும். வண்டலுக்கு அரை மணி ஆகும். களிமண்ணுக்கோ ஒரு நாளும் பற்றாது.

ஆகவே கரையில் தெளிவுக் குட்டை வெட்ட வேண்டும். மணிக்கு 10,000 லிட்டர் இறைத்தால், 3 மணி நேரம் தங்க 30,000 லிட்டர் கொள்ளும் குட்டை தேவை. 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் என்றால் கணக்கு சரியாக வரும். ஒரு கோடியில் நுழைந்த தண்ணீர் மறு கோடியில் மேலாக வழிய வேண்டும். படிந்த சேற்றை அவ்வப்போது வாரிவிட வேண்டும். களிமண் கலங்கலுக்குப் படிகாரம் உண்டு. அளவை முதலில் வாளியில் சோதித்துப் பார்க்கணும். கடைசியில் ஜல்லி, மணல் அடுக்கில் வடிகட்டினால் நல்லது.

இனி காரம். ஒரு பாலத்து வேலைக்குக் கீழே தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிந்திருக்க, மீன்கள் செத்து மிதந்ததை நானே பார்த்திருக்கிறேன். கான்கிரீட் மிக்சரைக் கழுவின தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி. பி.எச். என்ற அளவில் 7 நடுநிலை. இது 12க்கு மேலே போகும். ஆற்றில் விட 9க்கு மேல் கூடாது என்பது விதி. இந்தக் காரம் நிற்க வைத்தாலும் போகாது, மணலில் வடிகட்டினாலும் போகாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஆரத்தி கரைப்பதை நினைச்சுப் பாருங்க. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். வெள்ளைத் துணியை மஞ்சள் நீரில் நனைத்து உலர்த்தி, கீற்றாக வெட்டி வைச்சுக்குங்க. ஒரு கீற்றைக் குழாய்முனைத் தண்ணீரிலும், இன்னொன்றை வேலைக்கு மேற்புறத்து ஆற்றுத் தண்ணீரிலும் நனையுங்க. முதலாவது மட்டும் சிவந்தால் காரம் இருக்குது. வெறுங்கையை அதில் விடாதீங்க.

கழுவின தண்ணீரைத் தார்ப்பாய் விரித்த தனிக் குழியில் பிடித்து, திரும்பவும் கழுவவே பயன்படுத்தலாம். மிஞ்சினதில் சோடாவில் அடைக்கிற கரியமில வாயுவைச் செலுத்திக் காரத்தை முறிக்கலாம். திராவகத்தைவிட இது மேல். கொஞ்சம் கூடினாலும் தண்ணீர் கடும் அமிலமாகாது. இது காண்டிராக்டர் செய்ய வேண்டிய வேலை.

நம் வேலை கேட்பது. ஆரம்பத்திலேயே, "தெளிவுக் குட்டை எங்கே, கழுவு குழி எங்கே?" என்று கேளுங்க. துணி சிவந்தால் நாள், நேரம் குறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்க. அதுவரை மாடுகளை அந்தத் துறையில் இறக்காதீங்க.

நம்ம கிணறு, களம் கட்டும்போது சிமெண்டுச் சட்டியை வாய்க்காலில் கழுவுவதையும் இன்றோடு நிறுத்துவோம்.