முண்டுக் கட்டையிலிருந்து ஒரு பேனா

கித்தா மரம் வெட்டியவர்களுக்கு ஒரு சங்கதி நன்றாகத் தெரியும். கத்தி பட்டையைத் தாண்டி உள்மரத்தில் பட்டுவிட்டால் கங்காணி ஏசுவார். அந்தக் காயம் ஆறும்போது மரம் அவ்விடத்தில் புடைத்துக் கொள்ளும். சில ஆண்டுகள் கழித்துப் புதுப்பட்டையில் வெட்டவரும்போது கத்தி ஓடாது. முண்டு விழுந்த மரம் என்று ஒதுக்கிவிடுவோம்.

தோட்டத்தில் விலையில்லாத இந்த முண்டுக்கு வெளியுலகில் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. சில மரங்களின் அடியிலோ தண்டிலோ பானை அளவுக்கும் அதற்கு மேலும் கழலை வளரும். அடிபட்டதாலோ பூச்சி, பூஞ்சணம் தாக்கியதாலோ அவ்விடத்தில் மொட்டுகள் கூட்டமாக உண்டாகிக் கிளையாக வெளிவராமல் உள்ளேயே அடைந்து கிடக்கும். மரத்தின் நார் அவற்றைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகும். அறுத்துப் பார்த்தால் புள்ளியும் சுழியுமாகக் கோலம் போட்டதுபோல் இருக்கும். இந்தக் கட்டையைக் கடைந்து பேனா செய்கிறவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். ஒன்றைப் போல் இன்னொன்று அமையாது என்பதால்தான் அதற்கு மதிப்பு.

இவ்வகையில் பெயர் பெற்றது ‘அம்போய்னா’. இந்தோனேசியாவின் அம்போன் தீவின் பெயரால் வணிகர்கள் இட்ட பெயர் அது. மரம் என்னவோ நமக்குப் பழக்கமானதுதான். சாலையோரங்களில் மஞ்சள் பூவைக் கொட்டி நிற்கிறதே, அந்த அங்சானா. ஊரில் நம் பெரியவர்கள் அறிந்த வேங்கைக்கு நெருங்கிய இனம். எல்லா அங்சானாவிலும் கழலை இருக்காது. அதனால்தான் அம்போய்னாவுக்கு அவ்வளவு விலை.

செய்யும் முறையில் கடைசலைவிட உலர்த்துவதே பெரிய வேலை என்பது நமது கருத்து. பச்சைக் கட்டையில் நீர் மிகுதி. நீர் வற்றும்போது மரம் சுருங்கும். நேரான நாருள்ள மரம் ஓரளவு ஒழுங்காகச் சுருங்கும். முண்டில் நார் எல்லாப் பக்கமும் ஓடுவதால் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும், வெடிக்கும். பேனாவாக முடிந்தபின் வெடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். ஆகவே முதலில் 2 சென்டிமீட்டர் சதுரமும் 13 சென்டிமீட்டர் நீளமுமான துண்டுகளாக அறுத்து, இரு முனைகளிலும் மெழுகுவர்த்தியை உருக்கிப் பூசி, காற்றோட்டமுள்ள நிழலில் அடுக்க வேண்டும். வெயில் ஆகாது, அடுப்பங்கரைச் சூடும் ஆகாது. வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து, எடையைக் குறித்து வாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் கட்டை தயார். மாதக்கணக்கில் ஆகலாம்.

பிறகு துண்டை இரண்டாக வெட்டி, நடுவில் 7 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். அவசரப்பட்டால் துளைக்கும் சூட்டிலேயே முண்டு பிளந்துவிடும். துளைக்குள் பசை தடவிய பித்தளைக் குழாயைச் செருகி, முனைகளைச் சமமாகச் சீவி, கடைசல் எந்திரத்தில் ஏற்றிச் சுழலவிட்டு, உளியைப் பிடிக்க வேண்டும். நார் திசைமாறி ஓடுவதால் மொட்டை உளி மரத்தைப் பிய்த்தெடுக்கும். உளி கூர்மையாக இருக்க வேண்டும். மெல்லிய சீவலாகத்தான் எடுக்க வேண்டும். வெட்டுக்கத்தியைத் தினமும் தீட்டிப் பழகிய கைக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை! அப்புறம் உப்புத்தாள், மெருகு, உள்ளே மைக்குழாய்; அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. கடையும்போது பறக்கும் தூள் கெடுதலானது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. அங்சானாத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் தும்மலும் தரும். மூக்குக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் எந்திரத்தின் முன் நிற்கக் கூடாது. பிள்ளைகளை அருகில் விடவும் கூடாது.

பழகுகிறவர்கள் விலையுயர்ந்த முண்டில் கை வைக்க வேண்டாம். கித்தாக் கட்டை போதும். 1896-இல் தான் சாய் யான் நமது மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் கித்தாவைத் தோட்டமாகப் பயிரிட்டார். அந்நாளிலிருந்து நெடுங்காலம், பால் வற்றிய மரம் விறகுக்கும் புகைக்கூடத்துக்கும்தான் போயிற்று. வெட்டிப்போட்ட சில நாட்களிலேயே நீலம் பாய்ந்து வண்டு துளைத்துவிடும் என்பது அதன் குறை. போரான் உப்பு ஏற்றி உலர்த்தும் முறை வந்தபின், பக்கத்து மூவாரில் அதே மரம் மேசை நாற்காலியாகி வெளிநாடு போகிறது. தச்சுப்பட்டறையில் கழித்துப்போடும் கித்தாத் துண்டு ஏற்கெனவே உலர்ந்தது. வெளிர்நிறம், சாதுவான நார், உளிக்கு அடங்கும். இன்னொரு வேடிக்கை: கித்தாப் பாலும் பேனாவாகிறது. ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடேற்றினால் கருங்காலி போல் இறுகும் எபோனைட், ஆந்திராவின் ராஜமுந்திரியிலும் தமிழ்நாட்டின் திருவள்ளூரிலும் கையால் கடையப்பட்டுப் பேனாவாகியிருக்கிறது.

முண்டு வேண்டுமென்று நிற்கும் மரத்தில் வாளை வைக்காதீர்கள். அந்தப் பெரிய காயத்தின் வழியே அழுகல் புகுந்து மரத்தைச் சாய்த்துவிடும். சாலையோர மரம் நமக்குச் சொந்தமும் அல்ல. காற்றில் விழுந்த மரத்தை அறுத்து ஏற்றும் நாளில் பொறுப்பாளரிடம் அனுமதி கேளுங்கள். கிடைத்தால், அன்றைக்கே முனைகளில் மெழுகு பூசிவிடுங்கள்.