சாக்லெட்டும் புத்தகமும்

சென்ற மாதம் நம் சங்க நூல் நிலையத்துக்கு ஆங்கில நூல்கள் அடங்கிய கட்டு ஒன்று வந்து சேர்ந்தது. பிரித்து அடுக்குகையில், ஐந்தாறு நூல்கள் சாக்லெட்டைப் பற்றியவையாகவே இருக்கக் கண்டோம். அருகில் நின்ற அம்மையார் ஒருவர், "தின்பதற்குத்தான் கணக்கில்லை, படிப்பதற்குமா சாக்லெட்?" என்று வினவினார். இவற்றைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்பதே அவர் ஐயம். அன்று நம்மால் விடை கூற இயலவில்லை. நூல்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று, ஓய்ந்த இரவுகளில் படித்தபின் இதனை எழுதுகிறோம்.

அவற்றுள் பாதி துப்பறியும் நாவல்கள். கொலைக்கும் சாக்லெட்டுக்கும் என்ன உறவு என்று நேயர்கள் கேட்கக்கூடும். உறவு பழையது. இங்கிலாந்தின் தென் கடற்கரையிலுள்ள பிரைட்டன் நகரில் கிறிஸ்டியானா எட்மண்ட்ஸ் என்னும் மாது ஒருத்தி வாழ்ந்தாள். மணமான மருத்துவர் ஒருவர்மீது அவள் மையல் கொண்டிருந்தாள். அம்மருத்துவரின் மனைவிக்கு நஞ்சு கொடுத்தாள் என்ற சந்தேகம் அவள்மீது விழுந்தது. பழியைக் கடைக்காரர் தலையில் சுமத்தும் பொருட்டு, கடையில் வாங்கிய சாக்லெட்டுகளினுள் எட்டிக்கொட்டையின் நஞ்சாகிய ஸ்ட்ரிக்னினை வைத்து, தெருச் சிறுவர்களைக் கொண்டு அக்கடைக்கே திருப்பி அனுப்பலானாள். கடைக்காரரோ ஒன்றும் அறியாமல் அவற்றை மற்றவர்க்கு விற்றார். 1871 ஜூன் மாதத்தில், அவ்வாறு வந்த சாக்லெட்டைத் தின்ற நான்கு வயதுப் பாலகன் ஒருவன் மாண்டான். 1872-இல் அவளுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் மாற்றப்பட்டது. பித்தர் விடுதியில் நெடுங்காலம் கிடந்து 1907-இல் இறந்தாள். கதையாசிரியர் எவரும் இதனினும் கொடியதைக் கற்பனை செய்துவிடவில்லை என்பது நம் எண்ணம்.

அந்தோனி பெர்க்லி 1929-இல் வெளியிட்ட 'தி பாய்சன்ட் சாக்லெட்ஸ் கேஸ்' இவ்வகையில் தலைசிறந்தது. ஒரு பெருமகனுக்குத் தபாலில் சாக்லெட் பெட்டி வருகிறது. அவர் அதனை வேண்டாமென்று அறிமுகமான ஒருவரிடம் கொடுத்துவிட, அவர் மனைவி தின்று மாள்கிறாள். ஆறு பேர் கொண்ட ஒரு கழகத்தார் ஆளுக்கொரு தீர்ப்புக் கூறுகின்றனர். ஒவ்வொன்றும் கேட்குங்கால் மெய்யென்றே தோன்றுகிறது. அடுத்தவர் எழுந்ததும் பொடியாகிறது. கடைசியில் வாய் திறப்பவரோ அவர்களுள் மிகக் கூச்சமுடையவர். அதற்குமேல் சொல்வது படிப்பவர்க்குத் துரோகம். அகதா கிறிஸ்டியின் பொய்ரோ தாம் ஏமாந்த வழக்கு என்று தாமே ஒப்புக்கொள்வதும் ஒரு சாக்லெட் பெட்டி பற்றியதுதான்.

இக்காலத்து அமெரிக்க நாவல்கள் வேறு வகை. ஜோஆன் ஃப்ளூக் எழுதிய 'சாக்லெட் சிப் குக்கி மர்டர்' 2000-இல் வெளிவந்தது. மின்னசோட்டா மாநிலத்துச் சிற்றூரில் குக்கிக் கடை நடத்தும் ஹன்னா ஸ்வென்சன் என்பவளே துப்பறிபவள். கடைக்குப் பின்னால் பால் வண்டிக்காரன் சுடப்பட்டுக் கிடக்கிறான். சுற்றிலும் அவள் சுட்ட குக்கிகள் சிதறியுள்ளன. இரத்தம் அதிகமில்லை, ஊர் வம்பு அதிகம். கதையின் நடுவே செய்முறைக் குறிப்புகள் வருகின்றன. உண்மையைக் கூறினால், கொலையைக் காட்டிலும் குறிப்புகளே நமக்குச் சுவைத்தன. கதையோடு சமையலைக் கலப்பதில் மெக்சிகோ நாட்டு லாரா எஸ்கிவெல் இவருக்கு முன்னோடி. அவருடைய 1989-ஆம் ஆண்டு நாவலில் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அத்தியாயங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சமையற்குறிப்பு. அங்கே சமையல் அழுகிறது, காதலிக்கிறது; ஃப்ளூக்கிடம் அது பசியாற்றுவதோடு நின்றுவிடுகிறது.

சாக்லெட் துண்டுகள் பதித்த இந்தக் குக்கியே ஒரு சமையல் நூலால் பரவியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்மன் என்னுமிடத்தில் 'டோல் ஹவுஸ்' என்ற விடுதியைக் கணவருடன் நடத்திவந்த ரூத் வேக்ஃபீல்ட், தம் சமையல் நூலின் 1938-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதன் செய்முறையை அச்சிட்டார். கைதவறிச் சாக்லெட் மாவில் விழுந்ததாகக் கதை கட்டுவார்கள். அம்மையார் மனையியல் முறையாகக் கற்றவர், வேண்டுமென்றே செய்து பார்த்தவர்.

நம் வீட்டிலும் ஒரு ஞாயிறன்று முயன்றோம். நூலில் 375 பாகை என்றிருந்தது. புதிதாக வாங்கிய மின்னடுப்பின் குமிழ் 250-க்குமேல் நகரவில்லை. இயன்றமட்டும் திருப்பிவிட்டு அமர்ந்தோம், வெளிவந்தது கரி. அமெரிக்கர் பாரன்ஹீட்டில் கூறுவர். நம் கணக்கில் அது 190 தான் என்பதைப் பிள்ளைகள் பிறகு சொல்லிச் சிரித்தனர். அவர்களுடைய கப் என்பதும் நம் காபி டம்ளர் அன்று. அது ஏறக்குறைய 240 மில்லிலிட்டர் கொள்ளும், மைதாவானால் 125 கிராம் அளவு பிடிக்கும். இவ்விரண்டையும் குறித்துக்கொள்ளும் சகோதரிகளுக்கு நம் வீட்டுக் கதி நேராது.

இனி அம்மையாரின் கேள்விக்கு வருவோம். குழந்தைகளுக்கென்று இருந்தது ஒரே நூல்: ரோல்ட் டால் 1964-இல் வெளியிட்ட 'சார்லி அண்ட் தி சாக்லெட் ஃபாக்டரி'. டால் ரெப்டன் பள்ளியில் பயின்ற நாளில், கேட்பரி கம்பெனியார் மாணவர் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு சாக்லெட்டுகள் கொண்ட பெட்டியை அனுப்பி, தின்று மதிப்பெண் இடுமாறு கேட்பார்களாம். அந்தப் பெட்டியிலிருந்து பிறந்தது இக்கதை. ஆயினும் நூலின் உயிர் ஆலையில் இல்லை, பசியில் இருக்கிறது. சார்லிக்கு ஆண்டில் ஒருமுறை, பிறந்த நாளன்று மட்டும் ஒரு சாக்லெட். அதை நாளுக்கு ஒரு துணுக்காகக் கொறித்து ஒரு மாதத்துக்குமேல் காப்பாற்றுகிறான். மற்ற நாளெல்லாம் முட்டைக்கோசுச் சாறு. இவ்விடம் படிக்கையில் நம் கண்கள் நனைந்தன.

அதே நூலில் நெருடலும் உண்டு. ஆலையில் உழைக்கும் ஊம்பா லூம்பா என்னும் குள்ளர்கள் முதற்பதிப்பில் ஆப்பிரிக்கக் காட்டு மக்கள். மரப்பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவரப்பட்டவர்கள். ககோ விதையே கூலி. கண்டனம் எழவே, 1973-இல் டால் அவர்களின் நிறத்தையும் நாட்டையும் மாற்றி எழுதினார். பெட்டியும் கூலியும் மாறவில்லை. இது வெறும் கற்பனையன்று. ஹென்றி நெவின்சன் 1906-இல் வெளியிட்ட 'எ மாடர்ன் ஸ்லேவரி' என்னும் நூலில், அங்கோலா மக்களைப் பிடித்து சாவோ தோமே தீவுகளின் ககோத் தோட்டங்களுக்கு ஏற்றிச் சென்ற கொடுமையை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். அத்தீவுகளின் ககோவை வாங்கி வந்த கேட்பரி நிறுவனத்தார் 1909-இல்தான் அதை நிறுத்தினர். இலங்கைத் தேயிலை மலைக்குக் கப்பலேறியவர்களின் வழியில் வந்தோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு அப்பக்கங்களை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே அம்மையாருக்கு நம் விடை: கொடுங்கள், கொடுத்துவிட்டு, பெட்டி வரும் இடத்தில் அருகில் அமருங்கள். டாலின் நூல் இப்போது ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் இருக்கிறது. நெவின்சனின் நூல் அந்தக் கட்டில் இல்லை. அடுத்த கட்டுக்கு எழுதியிருக்கிறோம். வந்ததும் சமையல் நூல்களுக்கு அருகிலேயே அதை வைக்கவிருக்கிறோம். செயலாளர் இன்னும் சம்மதிக்கவில்லை.