கண்ணுக்குத் தெரியாத கொத்தனார்கள்

சின்னமனூரைத் தொட்டு ஓடும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பிறப்பால் மேற்குக் கடலுக்கு உரியது. 1895-ல் பெரியாறு அணை எழுந்து, மலையைக் குடைந்து அதைக் கிழக்கே திருப்பியது. அன்று முதல் அது லோயர் கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கும் நம்மூர் வாழைத் தோட்டங்களுக்கும் ஊட்டிவிட்டு, வைகையில் கலந்து, மதுரையைத் தாண்டி, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் அடைகிறது. மழை நன்றாகப் பிடித்த ஆண்டுகளில் கண்மாய்க்கு மிஞ்சியது ஆற்றங்கரை என்ற ஊரருகே பாக் நீரிணையில் சேர்கிறது. அங்கிருந்து கரையோரமாகக் கிழக்கே போனால் மண்டபம். பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே நீட்டிக் கிடக்கும் அந்த நிலத்தின் தெற்கே, பவளப் பாறைகளோடு 21 தீவுகள் வரிசையாக எண்ணப்படுகின்றன.

மலையடிவாரத்து மக்களுக்குக் கடல் அந்நியம் என்று நினைப்பது சரியில்லை. பாண்டியர் வம்சாவளியைச் சொல்லும் செப்பேடுகள் கிடைத்த ஊர் சின்னமனூர். அந்தப் பாண்டியர் இலச்சினையில் இணைக்கயல். அவர்கள் கருவூலத்தில் கொற்கை முத்து. அவர்கள் செல்வத்தில் ஒரு பங்கு மன்னார் வளைகுடாவின் அடியிலிருந்து வந்தது.

இப்போது கடல் இன்னொரு வழியாகவும் வீட்டுக்குள் வருகிறது. முதலில் தொலைக்காட்சியில், பிறகு ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பையில் மீனாக. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் மைத்துனர்கள் இருவர் நடத்திய மீன் தொட்டி நிறுவனத்தை வைத்து எடுக்கப்பட்ட 'டேங்க்ட்' என்ற தொடர், அனிமல் பிளானட் அலைவரிசையில் 2011 முதல் 2018 வரை ஓடியது. உள்ளங்கையை விடத் தடிமனான அக்ரிலிக் பலகைகளை அறுத்து, வளைத்து, ஒட்டி, கற்பனைக்கு எட்டாத வடிவங்களில் தொட்டி கட்டுவார்கள். ஆயிரம் லிட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கு மேல் எடை இருக்கும். அந்தப் பாரத்தைக் கசியாமல் தாங்கும் ஒரு பெட்டியைச் செய்வது உண்மையான கைத்திறன். அதை மனமார மெச்ச வேண்டும். பார்த்த பிள்ளைகளுக்கு ஆசை பிறந்ததில் வியப்பில்லை.

ஆனால் ஒரு பகுதி முடிவதற்குள் தொட்டி எழும்பி, நீர் நிறைந்து, விளக்கு எரிந்து, மஞ்சளும் நீலமுமாக மீன்கள் உள்ளே விடப்படும். வீட்டுக்காரர் கைதட்டுவார். மீன் வளர்ப்பில் பழுத்தவர்கள் பலரும் குறை சொன்னது இந்த இடத்தைத்தான். கட்டும் வேலை அங்கே முடியவில்லை. இன்னொரு கூட்டம் கொத்தனார்கள் வர வேண்டியிருக்கிறது. அவர்கள் கேமராவுக்குச் சிக்க மாட்டார்கள். கூலி கேட்க மாட்டார்கள். அவர்களை அவசரப்படுத்தவும் முடியாது.

மீன் தன் செவுள் வழியாக மூச்சு மட்டும் விடுவதில்லை. உடலின் கழிவையும் வெளியேற்றுகிறது. அந்தக் கழிவு அம்மோனியா. கடலில் அது பரந்து கரைந்துவிடும். நாலு பக்கமும் அடைத்த தொட்டியில் தேங்கும். கடல்நீர் சற்றே காரத்தன்மை உடையது, பி.எச். அளவு எட்டுக்குக் கொஞ்சம் மேல். காரம் ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும். நன்னீர்த் தொட்டியில் மன்னிக்கப்படும் தவறு கடல்நீர்த் தொட்டியில் உயிரைக் குடிப்பதற்கு இது ஒரு காரணம்.

இந்த விஷத்தை உணவாகக் கொள்ளும் நுண்ணுயிர்களை இறைவன் படைத்து வைத்திருக்கிறான். நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகின்றன. நைட்ரைட்டும் விஷமே. அதை எடுத்து நைட்ரேட் ஆக்க வேறொரு கூட்டம் பின்னாலேயே வருகிறது. நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. நாம் அவ்வப்போது நீர் மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி இந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுத்து ஆராய்ந்தபோது, உயிரைப் பற்றிய பழைய எண்ணமே மாறியது. இவற்றுக்கு வெயில் வேண்டாம். பிற உயிரின் உடலும் வேண்டாம். அம்மோனியாவிலிருந்து சக்தியைக் கறந்து, நீரில் கரைந்த கரியமில வாயுவைக் கொண்டு தம் உடலைக் கட்டிக்கொள்கின்றன. இருட்டில், கல்லின் துளைக்குள், மணலின் இடுக்கில்.

நம் வாழைத் தோட்டத்து மண்ணிலும் இதே வகை உயிர்கள்தாம் உழைக்கின்றன. போட்ட யூரியாவிலிருந்து வரும் அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வேருக்குப் போவது இவற்றின் கைங்கரியம். சின்னமனூர் விவசாயிக்குத் தெரியாத அதிசயம் இல்லை இது. உரம் வைத்த மறுநாளே தார் தள்ளும் என்று எந்த விவசாயியும் எதிர்பார்க்க மாட்டார்.

தொட்டி வைப்பவர்கள் இந்தக் காத்திருப்பை "டேங்க் சைக்கிள் ஆகணும்" என்பார்கள். இந்த நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. ஒன்று இரண்டாகப் பிரியவே பல மணி நேரம், சில வேளை ஒரு நாள். ஆகவே மீன் இல்லாத வெறும் தொட்டியில் உப்புநீரும் கல்லும் மணலும் போட்டு, துளி அம்மோனியா சேர்த்து, நாலு முதல் ஆறு வாரம் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து நின்ற பிறகே முதல் மீன். அதுவும் ஒன்றிரண்டு. வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்திருப்பதை எந்தத் தொலைக்காட்சியும் காட்டாது. எனக்கோ அந்த மாதத்தை விடப் பெரிய காட்சி தொட்டி வளர்ப்பில் இல்லை என்று தோன்றுகிறது.

உப்பும் அப்படி ஒரு அதிசயம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் சேகரித்து வந்த 77 நீர் மாதிரிகளை வேதியியலாளர் டிட்மர் பகுத்துப் பார்த்தார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் கூடலாம், குறையலாம்; அதற்குள் இருக்கும் முக்கியமான தாதுக்களின் விகிதம் எங்கும் ஒன்றுபோலவே இருந்தது. அட்லாண்டிக்கிலும் அதே விகிதம், நம் வங்கக் கடலிலும் அதே விகிதம். சமையல் உப்பைக் கரைத்தால் கடல் ஆகாமல் போவது இதனால்தான். கடல் தொட்டிக்கென்று தயாரித்த உப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும். முல்லைப் பெரியாற்றுக் கெண்டையின் உடம்புக்குள் நீர் தானாகவே புகுந்துகொண்டிருக்கும். அதைச் சிறுநீராக வெளியே தள்ளிக்கொண்டே இருப்பது அதன் வேலை. கடல் மீனுக்கு நேர் மாறு. உப்பு அதன் உடல் நீரை உறிஞ்சுகிறது; மீன் கடல்நீரைக் குடித்துக் குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுளில் உள்ள தனிச் செல்களால் வெளியேற்றுகிறது. தண்ணீருக்குள்ளேயே பிறந்து, தாகத்தோடு வாழும் உயிர்!

இனி எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் மீனுக்கு வருவோம். 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்துக்குப் பிறகு கோமாளி மீனின் பெயரே பலருக்கு நீமோ ஆகிவிட்டது. கடல் சாமந்தி என்ற உயிரின் கைகளுக்கு நடுவில் அது குடியிருக்கிறது. அந்தக் கைகளில் ஆயிரமாயிரம் கொட்டும் செல்கள்; வேறு சிறு மீன் பட்டால் சாமந்திக்கு இரை. கோமாளி மீன் மட்டும் அதற்குள் புரண்டு விளையாடுகிறது. அதன் மேல்தோல் சளியில், கொட்டும் செல்லைத் தூண்டிவிடும் ஒரு வகைச் சர்க்கரை மிகக் குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. குடியிருப்புக்கு வாடகையும் உண்டு. சாமந்தியைக் கடிக்க வரும் மீன்களை விரட்டுகிறது. இரவில் துடுப்பசைத்து அதன் கைகளுக்கிடையே நீரோட்டம் தருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக அம்மோனியா தருகிறது. ஆம், தொட்டியில் விஷமான அதே அம்மோனியா, சாமந்தியின் உடம்புக்குள் வாழும் நுண்பாசிக்கு உரம். பாசி வளர்கிறது, வெயிலை உணவாக்குகிறது, சாமந்திக்கு ஊட்டுகிறது. ஒருவர் கழிவு அடுத்தவர் சோறு என்ற கணக்கு இங்கே மூன்று உயிரைச் சுற்றி வருகிறது.

குடும்பமும் தனி ஒழுங்கு. ஒரு சாமந்தியில் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை இன்னும் பருவத்துக்கு வராதவை. பெண் இறந்துபோனால் ஆண் மெல்ல மெல்லப் பெண்ணாக மாறுகிறது. காத்திருந்த சிறியவற்றில் பெரியது ஆணாகிறது. இருப்பிடத்தை விட்டு வெளியே போய்த் துணை தேடினால் வழியில் எவருக்காவது இரையாக வேண்டியதுதான். அதனால் துணையை வீட்டுக்குள்ளேயே உண்டாக்கும் ஏற்பாடு.

சாமந்தியின் அடியில் சுத்தம் செய்த பாறையில் பெண் முட்டை இடும், நூற்றுக்கணக்கில். காவல் காப்பது தகப்பன். துடுப்பால் விசிறிக்கொண்டும், கெட்ட முட்டைகளை வாயால் பொறுக்கிக்கொண்டும் ஒரு வாரம் போல நிற்கும். முட்டைக்குள் கண்கள் வெள்ளியாக மின்னத் தொடங்கினால் பொரிக்கும் நாள் வந்துவிட்டது. பொரிப்பது இருட்டிய பிறகு. மூன்று நான்கு மில்லிமீட்டர் குஞ்சுகள் பகைவர் கண்ணுக்குப் படாமல் நீர்ப்பரப்புக்கு ஏறி திறந்த கடலின் ஓட்டத்தில் கலந்துவிடுகின்றன. இரண்டு வாரம் போல அங்கே மிதந்து வளர்ந்து, உடலில் வெள்ளைப் பட்டை விழத் தொடங்கும்போது பவளப் பாறையின் மணத்தை மோந்து திரும்பி வருகின்றன.

இந்த ஒழுங்கை அப்படியே கற்றுக்கொண்டு செய்யும் வேலை மண்டபத்தில் நடந்திருக்கிறது. 1947-ல் தொடங்கி, பல்லாண்டு மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்து, பிறகு கொச்சிக்கு மாறிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இன்னும் அங்கே இருக்கிறது. அந்தக் கடலிலேயே வாழும் செபே கோமாளி மீன் உட்படச் சில இனங்களை அங்கே குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்தார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் இந்த வேலை நடந்தது. நுண்பாசியை வளர்த்து, அதை ரோட்டிஃபர் என்ற கண்ணுக்கெட்டாச் சிற்றுயிருக்குக் கொடுத்து, ரோட்டிஃபரைக் குஞ்சுக்குக் கொடுத்து, சில நாள் கழித்து ஆர்ட்டீமியா என்ற சற்றுப் பெரிய சிற்றுயிருக்கு மாற்றி... ஒரு நாள் இந்தச் சங்கிலி அறுந்தால் அத்தனை குஞ்சும் போய்விடும். அங்கே வேலை செய்பவர்களின் பொறுமையை வணங்கத் தோன்றுகிறது.

கடலிலிருந்து பிடிக்காமல் பண்ணையில் பிறந்த மீன் ஏன் முக்கியம்? உலகச் சந்தையில் விற்கும் கடல் அலங்கார மீன் இனங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இன்னும் கடலிலிருந்து பிடிக்கப்படுபவைதாம். பிலிப்பைன்ஸ் போன்ற இடங்களில் 1960-களிலிருந்து சயனைடைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடித்தார்கள். மீன் பின்னால் செத்தது, பக்கத்துப் பவளம் முன்னாலேயே செத்தது. 'டோரி' என்று பிள்ளைகள் கேட்கும் நீல மீனைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்க முடிந்ததே 2016-ல்தான், ஃபுளோரிடாவில். அது ஒரு அடி நீளம் வளரக்கூடியது. நாள் முழுதும் நீந்தித் திரிவது. மேசை மேல் வைக்கும் தொட்டிக்கு அது ஆகாது. கடல் சாமந்தியையும் விட்டுவிடலாம். பண்ணைக் கோமாளி மீன் சாமந்தி இல்லாமலே நலமாக வாழும்.

பவளமோ நம் நாட்டில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கல் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001-லிருந்து அந்தப் பாதுகாப்புக்குள். யாராவது "மன்னார் வளைகுடா பவளம், உயிரோடு இருக்கிறது" என்று கொண்டுவந்தால் வாங்கக் கூடாது, அது குற்றம். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலத்தின் விளைவை நாமே பார்த்திருக்கிறோம். அந்த 21 தீவுகளில் தூத்துக்குடிப் பக்கம் விலங்குச்சல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் கடலுக்குள் மூழ்கின. சுற்றிக் காத்த பாறை போனதும் அலை தீவைத் தின்றது. மிச்சமிருக்கும் பவளத்துக்கும் சூடு எதிரி. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வழக்கத்தை விடச் சூடேறியபோது பவளங்கள் தம்முள் வாழும் பாசியை உமிழ்ந்து வெளுத்தன. ஓரிரு டிகிரி போதும்.

அந்த ஓரிரு டிகிரிதான் சித்திரை மாதத்துச் சின்னமனூரில் தொட்டி வைப்பவரின் கவலையும். 25-லிருந்து 28 டிகிரிக்குள் நீர் நிற்க வேண்டும். மின்விசிறியை நீர்ப்பரப்பில் வீசவிட்டால் சூடு இறங்கும், ஆனால் நீர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும், குறைந்ததை ஆர்.ஓ. தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புநீரால் அன்று. கரண்ட் போனால் ஓடப் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். இவ்வளவுக்கும் கை வராதவர்கள் மண்டபத்துக்கே போய் அங்குள்ள கடல் மீன் காட்சியகத்தைப் பார்த்து வரலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை.

கை வருபவர்கள் ஒன்றை யோசித்துத் தொடங்க வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் கோமாளி மீன் இருபது ஆண்டுக்கு மேலும் வாழும். பத்தாம் வகுப்புப் பையன் வாங்கும் ஜோடி, அவன் கல்லூரிக்குக் கோவையோ சென்னையோ போன பிறகும் தொட்டியில் இருக்கும். நீர் மாற்றுவதும் உப்பு அளப்பதும் அம்மாவின் வேலையாகிவிடும். அதனால் வாங்குவதற்கு முன்பே அம்மாவிடம் கேட்டுவிடுவது நல்லது. அவர் சரி என்றால் அந்த ஒரு மாத வெறும் தொட்டியிலேயே அவருக்கும் சோதனைக் குழாயைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிடலாம்.