ஒளியை மறைக்கும் வளர்ச்சி

நுழையும்முன்

வளர்ச்சி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நன்மையே நினைவுக்கு வரும். ஆயினும் பயிர் வளரும் வயலில்தான் களையும் வளர்கிறது. மனிதக் கண்ணுக்குள்ளும் அத்தகைய வளர்ச்சி ஒன்று உண்டு. புதிதாக முளைக்கும் குருதிக்குழாய்களே பார்வையைப் பறித்துவிடும் விந்தையையும், அதன் காரணத்தை மருத்துவ அறிவியல் கண்டறிந்த வரலாற்றையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

காட்சித்திரை

விழிக்கோளத்தின் உட்புறத்தில் பின்சுவரை ஒட்டி அமைந்துள்ள மெல்லிய நரம்புப்படலமே விழித்திரையாகும். அதன் தடிமன் ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 12 கோடிக் கோல் செல்களும் 60 இலட்சம் கூம்புச் செல்களும் அடங்கியுள்ளன. மங்கிய ஒளியில் காண்பதற்குக் கோல் செல்களும், நிறங்களையும் நுட்பங்களையும் காண்பதற்குக் கூம்புச் செல்களும் துணைபுரிகின்றன. விழித்திரையின் நடுவில் உள்ள மஞ்சள் புள்ளியில் கூம்புச் செல்கள் செறிந்துள்ளன. நூல் படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், எதிரில் நிற்பவரின் முகத்தை அடையாளம் காண்பதும் அப்பகுதியின் ஆற்றலால்தான்.

மஞ்சள் புள்ளியின் நட்டநடுவில் குருதிக்குழாய் ஒன்றுகூட இல்லை. ஒளி தடையின்றிச் சென்று சேர்வதற்கு உகந்த அமைப்பு இது. ஆகவே, குழாய்கள் இருக்கக்கூடாத இடத்தில் குழாய் முளைப்பதும், அதிலிருந்து நீர் கசிவதும் பார்வைக்குப் பெருங்கேடாய் முடிகின்றன.

பசியின் குரல்

உடலில் மிகுதியாக ஆக்சிஜனை நுகரும் திசுக்களுள் விழித்திரையும் ஒன்று. அதற்கு வரும் குருதியோட்டம் குறைந்தால், பட்டினியால் வாடும் செல்கள் ஒருவகைப் புரதத்தைச் சுரக்கின்றன. ‘இங்கே குருதி தேவை’ என்று அழைக்கும் வேதியியல் குரல் அது. குருதிக்குழாய் வளர்ச்சிக் காரணி எனப்படும் அப்புரதத்தின் அழைப்பை ஏற்றுப் புதிய குழாய்கள் முளைக்கின்றன.

காயம் ஆறுவதற்கு உதவுவதும் இதே வளர்ச்சிதான். ஆனால், விழித்திரையில் அவசரமாக முளைக்கும் குழாய்களின் சுவர்கள் வலுவற்றவை. அவை எளிதில் கசிகின்றன; உடைந்து குருதியைக் கொட்டுகின்றன. அவற்றோடு உருவாகும் தழும்புத்திசு சுருங்கும்போது விழித்திரையைப் பற்றி இழுத்து, அதன் இடத்திலிருந்து பிரித்தெடுத்துவிடுகிறது. பசியைத் தீர்க்க வந்த குழாய்களே பார்வையைக் கெடுக்கின்றன.

நீரிழிவும் முதுமையும்

நீண்டகாலம் கட்டுக்குள் இல்லாத குருதிச் சருக்கரை, விழித்திரையின் நுண்குழாய்களைச் சிதைத்து அடைத்துவிடுகிறது. குருதி பெறாத பகுதிகள் வளர்ச்சிக் காரணியைச் சுரக்கின்றன. இதுவே நீரிழிவு விழித்திரை நோயின் முற்றிய நிலைக்கு வழிவகுக்கிறது. இந்நோயின் தொடக்கத்தில் வலி இல்லை, பார்வையும் மங்குவதில்லை. நோயாளி உணரும் வேளையில் கேடு பெரும்பாலும் முற்றியிருக்கும். விழித்திரைச் சிரையில் அடைப்பு ஏற்பட்டாலும் இத்தகைய விளைவு நேரலாம்.

முதுமையில் தோன்றும் மஞ்சள் புள்ளிச் சிதைவு வேறுவகையானது. விழித்திரைக்கு அடியில் கழிவுப்பொருள்கள் படிகின்றன. சிலருக்கு, அடியிலுள்ள குருதிக்குழாய்ப் படலத்திலிருந்து புதிய குழாய்கள் தடுப்புச்சவ்வைத் துளைத்து மேலே வருகின்றன. இதனை ஈரவகைச் சிதைவு என்பர். நேரான கதவு நிலை வளைந்து தெரிவதும், படிக்கும் வரியின் நடுவே கருந்திட்டுத் தோன்றுவதும் இதன் அறிகுறிகள். புகைப்பழக்கம் இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது.

உயிர் காத்த காற்று

1942ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தியடோர் டெரி என்னும் கண் மருத்துவர், குறைமாதக் குழந்தைகளிடம் புதியதொரு பார்வையிழப்பு தோன்றுவதைப் பதிவுசெய்தார். அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையிழந்தனர். மருத்துவ வசதி மிகுந்த இடங்களிலேயே இக்கேடு மிகுதியாக நிகழ்ந்தது வியப்பளித்தது. 1951இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர மருத்துவர் கேட் கேம்ப்பெல், குழந்தைகளுக்குத் தாராளமாக அளிக்கப்படும் ஆக்சிஜனே காரணமாகலாம் என்று சுட்டிக்காட்டினார். 1953இல் அமெரிக்காவில் தொடங்கிய, 18 மருத்துவமனைகள் பங்கேற்ற ஆய்வு அதனை உறுதிசெய்தது.

கருவிலிருக்கும் குழந்தையின் விழித்திரையில் குருதிக்குழாய்கள் நடுவிலிருந்து ஓரம்நோக்கி மெல்லப் படர்ந்து, பத்தாம் மாத அளவில்தான் விளிம்பை எட்டுகின்றன. அதற்குமுன் பிறந்த குழந்தைக்கு அளவு மீறிய ஆக்சிஜன் கிடைத்தால், பசி இன்மையால் வளர்ச்சிக் காரணி சுரப்பது நின்று குழாய்களின் படர்ச்சியும் நிற்கிறது. பின்னர், வளர்ந்துவரும் விழித்திரை குருதியின்றித் தவிக்கும்போது அக்காரணி பெருக்கெடுக்க, முறையற்ற குழாய்கள் முளைக்கின்றன.

காரணம் தெரிந்ததும் ஆக்சிஜன் கடுமையாகக் குறைக்கப்பட்டது. பார்வையிழப்புக் குறைந்தது, ஆனால், குழந்தைகளின் இறப்பும் மூளைப் பாதிப்பும் கூடின. மிகையும் கேடு, குறையும் கேடு என்னும் உண்மையை மருத்துவ உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது. இன்று குருதியில் கலந்துள்ள ஆக்சிஜனின் அளவை இடைவிடாது கண்காணித்து, தேவைக்கேற்பவே அளிக்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் 34 வாரங்களுக்கு முன்னர்ப் பிறந்த குழந்தைகளுக்கும், 2,000 கிராமுக்குக் குறைவான எடையுடன் பிறந்த குழந்தைகளுக்கும், பிறந்த 30 நாள்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு அதற்கும் முன்பாகவே செய்ய வேண்டும்.

மருந்தின் பிறப்பு

குருதி குறைந்த விழித்திரையிலிருந்து ஏதோ ஒரு பொருள் சுரந்து குழாய்களை வளர்க்கிறது என்று 1948இல் ஐசக் மைக்கேல்சன் கருதுகோள் ஒன்றை முன்வைத்தார். புற்றுக்கட்டிகளும் புதிய குருதிக்குழாய்களை வரவழைத்தே வளர்கின்றன என்று 1971இல் ஜூடா ஃபோக்மன் எழுதினார். 1989இல் நெப்போலியோன் ஃபெராரா குழுவினர் வளர்ச்சிக் காரணியைப் பிரித்தெடுத்தனர். 1994இல், நீரிழிவு விழித்திரை நோயாளிகளின் கண்நீர்மத்தில் அது மிகுந்திருப்பது அறியப்பட்டது. புற்றுநோயும் பார்வையிழப்பும் ஒரே புள்ளியில் சந்தித்தன.

அதற்கு முன்பே லேசர் மருத்துவம் நடைமுறையில் இருந்தது. விழித்திரையின் ஓரப்பகுதிகளை லேசரால் சுட்டால் ஆக்சிஜன் தேவை குறையும்; பசியின் குரலும் அடங்கும். ஓரத்தை இழந்து நடுவைக் காக்கும் முறை அது. வளர்ச்சிக் காரணியையே தடுக்கும் ரானிபிசுமாப் என்னும் ஊசிமருந்து, 2006இல் அமெரிக்காவில் ஈரவகைச் சிதைவுக்கு ஒப்புதல் பெற்றது. ஆனால், அதன் விலை மிகுதி. புற்றுநோய்க்குரிய பெவாசிசுமாப் என்னும் மருந்தைச் சிற்றளவில் கண்ணுக்குள் செலுத்தினால் ஏறக்குறைய அதே பயன் கிட்டும் என்று 2011இல் வெளியான ஒப்பீட்டாய்வு காட்டியது. மிகக் குறைந்த செலவில் மருத்துவம் பெறும் வழி எளியோர்க்கும் திறந்தது. எனினும், இம்மருந்துகளின் பயன் சில வாரங்களே நிலைப்பதால் பலருக்கு மீண்டும் மீண்டும் ஊசி தேவைப்படுகிறது.

வருமுன் காத்தல்

இழந்த பார்வையை முழுமையாக மீட்பது அரிது; இருப்பதைக் காப்பது இயலும். நீரிழிவு உள்ளவர்கள் பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். குருதிச் சருக்கரையையும் குருதி அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தல், புகையை விலக்கல் ஆகியன பெரும் பாதுகாப்பு அளிக்கும். வீட்டில் முதியோர் ‘எழுத்துகள் வளைந்து தெரிகின்றன’ என்று கூறினால், அதனை மூப்பின் இயல்பு என்று ஒதுக்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வது இளையோர் கடமையாகும். வலி இல்லை என்பதாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது. விழித்திரை வாய் திறந்து சொல்லாததை உரிய காலத்தில் செய்யும் பரிசோதனை சொல்லிவிடும்.

கற்பவை கற்றபின்

1. ‘மிகையும் கேடு, குறையும் கேடு’ – ஆக்சிஜன் குறித்த வரலாற்றின் துணைகொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் குடும்பத்தில் நீரிழிவு உள்ளவர்கள் கடைசியாக விழித்திரைப் பரிசோதனை செய்துகொண்டது எப்போது எனக் கேட்டறிந்து, பரிசோதனையின் தேவையை விளக்கி அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுக.