வேலிக் கோவையும் ஆனைக்கொம்பனும்

போன வாரம் அத்திக்காய்க்குள் குடியிருக்கும் குளவிகளோடு ஆற்றங்கரையில் நின்றோம். இந்த வாரம் வயலுக்குள் இறங்கிவிடலாம்.

கம்பம் பள்ளத்தாக்கின் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல் முடிந்து நெல்வயல் தொடங்கும் இடத்தில், வேலிக் கோவைக்கொடியை விலக்கிப் பாருங்கள். மெல்லிசாக ஓடிவந்த தண்டு ஓரிடத்தில் சட்டென்று புடைத்திருக்கும். பிளந்தால் உள்ளே அறை அறையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு புழு. கொசுவைவிடச் சிறிய ஈயின் பிள்ளைகள் இவை. வாய்க்கால் ஓரத்துப் புங்கன் இலையிலும் கொப்புளம் கொப்புளமாக இருக்கும். அது பூச்சியின் வேலையல்ல, கண்ணுக்கே தெரியாத சிலந்திப்பேனுடையது. சிலந்திக் குடும்பத்தில் பிறந்தும் அதற்கு நாலே கால்கள்தான்!

வீடு பூச்சிக்கு, கட்டுகூலி செடிக்கு. புழு சுரக்கும் பொருள்கள் செடியின் வளர்ச்சியையே திசைதிருப்பி, சுவரையும் சோற்றையும் ஒருசேரச் செய்ய வைக்கின்றன. பூச்சிக்குப் பூச்சி வீட்டின் வடிவம் மாறும். அதனால் பல சமயம் இப்படிப் புடைத்த முடிச்சைப் பார்த்தே உள்ளே இருப்பது யாரென்று சொல்லிவிடலாம். தஞ்சாவூரில் பிறந்த எம்.எஸ்.மணி இந்த முடிச்சுகளுக்காகவே பல்லாண்டு உழைத்தவர். 1964இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல் இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. குழந்தைக்கு உரைத்து ஊற்றும் மாசிக்காயும் மேற்காசிய ஓக் மரத்தில் ஒரு குளவி எழுப்பிய முடிச்சுதான். பாட்டிமார் அதைக் காய் என்றே நம்பி உரைத்தார்கள், நஷ்டம் ஒன்றுமில்லை.

நஷ்டமெல்லாம் நெல்லில்தான். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் பூமி. நட்ட பயிர் தூர் கட்டும் நாளில் சாரலும் மேகமூட்டமும் நின்றுவிட்டால் நெல்லில் முடிச்சு எழுப்பும் ஆனைக்கொம்பன் ஈக்குக் கொண்டாட்டம். முட்டையிலிருந்து வந்த புழுவுக்கு ஈரம் வேண்டும். இலையுறையின் நனைவிலேயே வழுக்கி இறங்கிக் குருத்தைப் பிடிக்கும். பிறகு அந்தத் தூரில் கதிர் வராது. வெங்காயத்தாள் மாதிரி வெளிறிய குழல் ஒன்று நீளும். கூட்டுப்புழு குழலுக்குள்ளேயே நெளிந்து நெளிந்து உச்சிக்கு ஏறி, துளையிட்டு, இரவில் ஈயாகப் பறந்துவிடும். உரிந்த தோல் மட்டும் துளையில் தொங்கும்.

வரப்பு அருகம்புல்லிலும் இதேபோலக் குழல் காணலாம். அதைச் செய்வது ஆனைக்கொம்பனின் ஒன்றுவிட்ட சொந்தம், நெல்லுக்கு வராது. ஆனைக்கொம்பன் தங்கும் காட்டுநெல்லைத்தான் களையெடுக்க வேண்டும்.

குழலைக் கண்டதும் மருந்தடிக்க ஓடுவதில் எனக்குச் சம்மதமில்லை. புழு குழலுக்குள் பத்திரமாக இருக்கும். மருந்தில் முதலில் சாவது அதன் எதிரி. பிளாட்டிகாஸ்டர் ஒரைசே என்ற அந்தக் கறுப்புக் குளவி கடுகிலும் சிறியது. ஈயின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். அந்த ஒன்று பலவாகப் பிரிந்து, வளர்ந்த புழுவை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். அப்படிப்பட்ட குழலைப் பிளந்தால் புழுவின் தோலுக்குள் குட்டிக் கூடுகள் அடைசலாக இருக்கும்.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் இதை ஒட்டியதே: குளவி குடியேறிய குழல்களைச் சேகரித்து, நட்ட பத்தாம் நாள் 10 சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் வயலில் வைக்க வேண்டும். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 400 குழல். ஆகவே குழல்களைப் பிடுங்கி எரிக்கும் முன், உள்ளே குளவி இருக்கிறதா என்று நாலைந்தைப் பிளந்து பார்த்துவிடுவது நல்லது.