வெளிச்சமும் வேலையும் – 17: கேட்டுக்கு வெளியே நிற்கும் கேமரா

மாதக் கடைசி என்றால் ஆவடியில் பூக்கடைக்காரருக்கும் பேண்டு செட்டுக்கும் படம் எடுக்கும் எங்களுக்கும் கையில் வேலை இருக்கும். மத்திய அரசு ஊழியர் பணி ஓய்வு பெறுவது மாதத்தின் கடைசி நாளில்தான். ஷிஃப்ட் விடும் நேரத்தில் தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே ரோஜா மாலையோடு குடும்பம் காத்து நிற்கும். பெரியவர் வெளியே வந்ததும் சரவெடி. கூட வேலை பார்த்தவர்கள் தோளில் தூக்கிக்கொள்வார்கள். மனைவி வெட்கப்பட்டுக்கொண்டே மாலை போடுவார். அப்புறம் திறந்த ஜீப்பில், மாப்பிள்ளை அழைப்பு போலவே, வீடு வரைக்கும் ஊர்வலம். போன வாரம் பாஸ்போர்ட் சைஸ் படங்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்களுக்குப் பிடித்த ஆர்டர் எது?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். யோசிக்காமல் சொல்வேன், இதுதான். கல்யாணத்தில் மாப்பிள்ளை முகத்தில் பாதி பயம் இருக்கும். இங்கே அது கிடையாது.

ஆனால் இந்த ஆர்டருக்குப் போகும்போதெல்லாம் என் கண் ஃபிளெக்ஸ் பேனரில் போய் நிற்கும். "அப்பழுக்கற்ற பணி நிறைவு" என்று மேலே தலைப்பு. இடது பக்கம் பெரியவரின் முகம். எப்போதோ எடுத்த சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியதால் மீசையும் காதும் புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும். வலது பக்கம் பாலைவனப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு டேங்க், இணையத்திலிருந்து இறக்கியது, துல்லியமாக. அந்த வகை டேங்கில் முப்பது வருஷம் அவர் கை பட்டிருக்கிறது. அவரும் டேங்கும் சேர்ந்து நிற்கிற படம் மட்டும் அவர் வீட்டில் கிடையாது. அதனால்தான் பேனர் டிசைன் செய்யும் பையன் இருவரையும் கம்ப்யூட்டரில் ஒட்டவைக்கிறான்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்தது, உள்ளே கேமராவுக்குத் தடை. கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் ஆவடியில் வந்தது. 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டேங்க் அங்கிருந்து உருண்டு வெளியே வந்தது. அதன் பிறகு அஜேயா, பீஷ்மா, அர்ஜுன். 2021 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த பிரதமர், அர்ஜுன் மார்க் 1ஏ டேங்கை ராணுவத் தளபதியிடம் ஒப்படைத்த படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அதே வருஷம் அக்டோபரில் இந்தத் தொழிற்சாலையை நடத்திவந்த பழைய படைக்கல வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாக்கினார்கள். கேட்டில் பெயர்ப் பலகை மாறியது, கேமராவுக்கான தடை மாறவில்லை. பக்கத்தில் படைத்துறை உடைத் தொழிற்சாலையிலும் இதே கதைதான். கொரோனா காலத்தில் மருத்துவமனைகளுக்கான கவச உடைகளை இரவு பகலாகத் தைத்துக் கொடுத்த கைகள் அங்கே இருந்தவை.

பாதுகாப்புக்காகப் போட்ட தடை அது. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஆவடியில் ஒரு வீட்டு ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். வேலைக்குச் சேரும்போது அடையாள அட்டைக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும். ஓய்வு நாளன்று கேட்டுக்கு வெளியே மாலையோடு எடுத்த கலர் படம் இருக்கும். நடுவில் அவர் மகள் காதுகுத்தில், மைத்துனன் கல்யாணத்தில், கிரகப்பிரவேசத்தில் வேட்டி சட்டையோடு நிற்பார். வேலை செய்கிற அவர் எங்கேயும் இருக்க மாட்டார்.

சரி, ஆவடியில் தடை. அம்பத்தூரில் யார் தடுத்தார்கள்?

1949-இல் சைக்கிள் தொழிற்சாலை வந்ததிலிருந்தே அம்பத்தூர் இரும்போடு பழகிய ஊர். அறுபதுகளில் வந்த தொழிற்பேட்டையில் இன்றைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டறைகளும் கம்பெனிகளும் இருக்கின்றன. எனக்கு அங்கிருந்து நிறைய ஆர்டர் வரும். வெள்ளை அக்ரிலிக் தட்டின் மேல் புஷ்ஷையும் ஃபிளாஞ்சையும் வைத்து கேட்டலாக்கிற்குப் படம் எடுப்பேன். புதிதாக இறக்கிய சிஎன்சி மெஷினைப் பட்டு நாடா வெட்டும் நேரத்தில் எடுப்பேன். பக்கத்திலேயே முளைத்த கண்ணாடிக் கட்டடங்களில் அதிகாரிகளுக்கு புரொஃபைல் படம் எடுப்பேன். அதில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டுமாம், அதுதான் கம்பீரமாம். நாங்கள் படித்த காலத்தில் வாத்தியார் "கையைக் கட்டு" என்றால் அதற்கு வேறு பொருள். அது கிடக்கட்டும். இத்தனை ஆர்டரிலும் லேத்துக்குப் பின்னால் நிற்கும் ஆளை எடுக்கச் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை.

வருஷத்தில் ஒரு நாள் விதிவிலக்கு, ஆயுத பூஜை. முதல் நாளே மெஷினை மண்ணெண்ணெய் விட்டுக் காட்டன் வேஸ்ட்டால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டிவிடுவார்கள். வெர்னியர், மைக்ரோமீட்டர், ஸ்பேனர் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பொரி, கடலை, ஸ்வீட் பாக்ஸ், வாசலில் பூசணிக்காய். முதலாளி குடும்பத்தோடு மெஷினுக்கு முன்னால் நிற்பார், படம் எடுப்பேன். தொழிலாளிகள் எல்லோரும் சேர்ந்து முதலாளியோடு ஒரு குரூப் போட்டோ. அதோடு சரி.

அப்படி ஒரு பூஜையில், கேமராவைப் பைக்குள் வைக்கும் நேரத்தில் லேத் ஓட்டும் டர்னர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார். "சார், மிஷினோட எனக்கு ஒண்ணு எடுத்துக் குடுப்பீங்களா? நின்னுக்கினு இருக்குற மிஷினு வேணாம். ஓடுற மிஷினு." பூஜை போட்ட மெஷினை அன்றைக்கு ஓட்ட மாட்டார்கள். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, விஜயதசமி கழிந்து ஒரு நாள் போனேன்.

அவர் புது முழுக்கைச் சட்டை போட்டு, பொத்தானை மணிக்கட்டு வரை மாட்டிக்கொண்டு நின்றார். சூப்பர்வைசர் சிரித்தார். லேத்தில் முழுக்கையும் மோதிரமும் கையுறையும் கூடாது. இரும்பைக் கவ்விச் சுழல்கிற 'சக்', துணியைப் பிடித்தால் கையோடு இழுத்துவிடும். சட்டையை முழங்கைக்கு மேலே மடித்த பிறகு பார்த்தால், முன்கை முழுக்கச் சூடான இரும்புச் சுருள் தெறித்த சின்னச் சின்னத் தழும்புகள். முதலில் ஃபிளாஷ் போட்டு ஒன்று எடுத்து ஸ்கிரீனில் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. "மிஷினு நின்னு போச்சே சார்." ஃபிளாஷ் வெளிச்சம் அவ்வளவு குறைந்த நேரம்தான் மின்னும், ஓடுகிற மெஷினைக் கல்லாக உறையவைத்துவிடும். ஃபிளாஷை அணைத்தேன். மேலே டியூப் லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட் நொடிக்கு நூறு முறை மினுக்கும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழும். ஷட்டரை நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். சக் பனிமூட்டமாகக் கலைந்து சுழன்றது. கூலண்ட் வெள்ளைக் கோடாக வழிந்தது. கைப்பிடியில் இருந்த அவர் விரல்கள் மட்டும் அசையாமல், நகத்தடியில் இருந்த கறுப்பு வரைக்கும் தெளிவாக வந்தன. ஸ்கிரீனை ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல ஓடுது," என்றார். லேமினேட் செய்து வாங்கிக்கொண்டு போனார்.

ஆளை அவர் வேலையோடு எடுப்பது உலகத்தில் புதிய யோசனை ஒன்றுமில்லை. ஜெர்மனியில் அகஸ்ட் சாண்டர் 1928-இல் ஒரு பேக்கரிக்காரரை எடுத்தார். வெள்ளை அங்கி, கையில் கிண்ணம், உருண்டையான தலை, ராஜா தோரணை. தன் நாட்டு ஆட்களைத் தொழில்வாரியாகப் படம் பிடித்துத் தொகுப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்தார். 1929-இல் அதில் ஒரு பகுதியைப் புத்தகமாகப் போட்டார், நாஜிகள் 1936-இல் அதன் அச்சுத் தகடுகளை அழித்தார்கள். 1950-இல் இர்விங் பென் பாரிஸிலும் லண்டனிலும் அதன்பின் நியூயார்க்கிலும் கறிக்கடைக்காரர், ரொட்டிக்காரர், துப்புரவுத் தொழிலாளி என்று எல்லோரையும் அவரவர் கருவியோடு ஸ்டுடியோவுக்கு வரவழைத்தார். ஃபேஷன் அழகிகளை நிறுத்திய அதே பழைய திரைக்கு முன்னால், அதே வெளிச்சத்தில் நிறுத்தினார். தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு சாண்டரைவிட பென்தான் பிடிக்கும். வெளிச்சத்தில் அவர் பாரபட்சம் காட்டவில்லை.

இதைச் சொன்னால் நம் ஊரில் உடனே ஒரு மறுப்பு வரும். அந்த மறுப்பு நியாயமானது.

நம்மைக் கருவியோடு படம் பிடித்தவர்கள் முன்பே இருந்தார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்பு தஞ்சாவூர் ஓவியர்கள் கும்பினிக்காரர்களுக்காக நெசவாளி, குயவர், கொல்லர் என்று ஜோடி ஜோடியாக, கையில் கருவியோடு வரைந்து கொடுத்தார்கள். 1868-இலிருந்து வெளிவந்த 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' எட்டுத் தொகுதிகளில் புகைப்படங்களோடு சாதியும் தொழிலும் அச்சாயின. பார்க்கிறவன் வகை பிரிக்க வசதியாக எடுத்த படங்கள் அவை. நம் ஊரில் கையில் இருக்கும் கருவி, சாதியைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் கேமரா ஸ்டுடியோவாக நம் தெருவுக்கு வந்தபோது ஜனங்கள் முதலில் செய்த காரியம் கருவியை வாசலில் விட்டுவிட்டு வந்தது. பழைய ஸ்டுடியோக்களில் ஆணியில் ஒரு கோட்டு தொங்கும், எல்லோர் தோளுக்கும் அது பொருந்தும். மேஜை மேல் பூச்சாடி, ஓடாத கைக்கடிகாரம், மணி அடிக்காத டெலிபோன். 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தேடிச் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்து "எல்லாம் ஒரே மாதிரி வேஷம்" என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வராது. அரை மணி நேரம் யாரும் "நீ என்ன ஆளு" என்று கேட்காத இடமாக அந்த அறை இருந்தது.

அம்பத்தூரில் துப்புரவுப் பணியில் இருக்கும் ஓர் அம்மா மகள் நிச்சயத்துக்கு முன்பு படம் எடுத்துக்கொள்ள வந்தார். பேச்சு வாக்கில், வேலைக் கோட்டோடு ஒன்று எடுக்கலாமா என்றேன். "அது எதுக்கு தம்பி? அதத்தான் தினம் ஊரே பாக்குதே," என்றார். நீலப் பட்டுப் புடவையில் எடுத்துக் கொடுத்தேன், நன்றாக வந்தது. அந்தப் பதிலுக்கு எதிராக என்னிடம் வாதம் இல்லை. கேட்டுவிட்டு எடுப்பதும், வேண்டாம் என்றால் விட்டுவிடுவதும்தான் முறை.

கூச்சமில்லாமல் கேட்கும் உரிமை வீட்டு ஆட்களுக்குத்தான் அதிகம். மதுரை ஜவஹர்லால்புரத்திலிருந்து வந்த புகைப்படக்காரர் எம். பழனிகுமார் இதைச் செய்திருக்கிறார். 2017-இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மலக்குழி மரணங்களில் ஆட்களை இழந்த குடும்பங்களை வருஷக்கணக்காகப் பதிவு செய்து வருபவர். தயானிதா சிங்–பாரி விருதை 2022-இல் முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. கரிமேடு மார்க்கெட்டில் மீன் வாங்கி விற்று வளர்த்த தன் அம்மாவை, அந்த வேலையிலேயே வைத்து எடுத்த படங்கள் அவருடையவை. வேறு யார் எடுத்திருந்தாலும் 'மீன்காரி' என்ற வகைக்குள் போயிருக்கும். மகன் எடுத்ததால் அம்மா அம்மாவாகவே இருக்கிறார்.

பூந்தமல்லிப் பக்கம் கதையே வேறு. செம்பரம்பாக்கத்துப் படப்பிடிப்பு நகரத்தில் வேலை செய்யும் லைட்மேன் ஒருவர் பெண் வீட்டுக்குக் கொடுக்க நல்ல படம் இல்லையென்று என் ஸ்டுடியோவுக்கு வந்தார். எத்தனை ஹீரோ முகத்துக்கு வெளிச்சம் பிடித்தவர்! உட்கார்ந்ததும், "அண்ணே, அந்த லைட்ட கொஞ்சம் எறக்குங்க, மூக்கு நெழலு விழுது," என்றார். இறக்கினேன். சரியாகத்தான் சொன்னார்.

கல்யாண மண்டபங்களில் இப்போது டிரோன் பறக்கிறது. பந்தியில் இலையை மேலிருந்து எடுக்கிறோம், வடை பொன்னிறமாக மின்னுகிறது. பின்கட்டில் விடியற்காலை இரண்டு மணியிலிருந்து புகையில் நிற்கும் சமையல் மாஸ்டரை எடுக்க ஆல்பத்தில் பக்கம் ஒதுக்குவதில்லை. கொஞ்ச நாளாக வீட்டாரைக் கேட்காமலே ஒரு பக்கம் வைத்துவிடுகிறேன், மாஸ்டரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு. இதுவரை எந்த வீட்டாரும் அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னதில்லை. அந்தப் படத்தின் ஒரு பிரதியை மாஸ்டருக்கும் கொடுத்துவிடுவேன், அதற்குக் காசு கிடையாது.

ஆயுத பூஜை வருகிறது. அப்பாவோ அம்மாவோ இன்னும் வேலையில் இருந்தால், அவர்களைக் கேளுங்கள். சரி என்றால், தையல் மெஷினோ தராசோ ஆட்டோ ஸ்டீயரிங்கோ, அவர்கள் கை அதன் மேல் இருக்கும்போது ஒரு படம் எடுங்கள். போன் கேமரா போதும், ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். ஜன்னலோ கதவோ ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். எடுத்ததை போனிலேயே விட்டுவைக்காதீர்கள், பத்துக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் பிரிண்ட் போட்டு வையுங்கள். தடை உள்ள தொழிற்சாலையில் இருப்பவர்களைக் கேட்டுக்கு வெளியேதான் எடுக்க முடியும். அவர்கள் ஓய்வு நாள் வரை காத்திருக்க வேண்டாம், சாதாரண ஒரு புதன்கிழமை, டிபன் பாக்ஸோடு வெளியே வரும்போது எடுத்துவிடுங்கள்.

(தொடரும்)