முதல் மூச்சைக் காக்கும் கைகள்

பிரசவ அறையின் கதவுக்கு வெளியே காத்து நிற்பவர்கள் அனைவரும் ஒரே ஒலியைத்தான் எதிர்பார்த்து நிற்கிறார்கள். குழந்தை வீறிட்டு அழுதுவிட்டால் பாட்டியின் முகம் மலர்கிறது. தகப்பனின் நெஞ்சிலிருந்து பாரம் இறங்குகிறது. அழுகை கேட்கச் சற்றே தாமதித்தாலோ எல்லோருடைய முகமும் வாடிவிடுகிறது. அந்தச் சில விநாடிகளில் உள்ளே நிகழ்வது யாது, நிகழ வேண்டியது யாது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

கருப்பையில் வாழும் சிசுவுக்கு மூச்சு விடும் வேலை இல்லை. வேண்டிய பிராணவாயுவைத் தாயின் இரத்தமே நச்சுக்கொடியின் வாயிலாகக் கொடுத்துவிடுகிறது. சிசுவின் நுரையீரல்களில் நீர் நிறைந்திருக்கிறது. பிறந்தவுடன் அந்த நீர் அகன்று, அவ்விடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் எவருடைய உதவியுமின்றி இதனைத் தாமே செய்துகொள்கின்றன. நூற்றில் ஏறக்குறைய பத்துக் குழந்தைகளுக்கு உடலை நன்றாகத் துடைத்து முதுகைத் தேய்த்துவிடும் சிறு தூண்டுதல் வேண்டியிருக்கிறது. அதற்கும் மூச்சு விடாத சில குழந்தைகளுக்கு, அதாவது நூற்றில் மூன்று முதல் ஆறு வரையானவற்றுக்கு, முகமூடியும் காற்றுப் பையும் கொண்டு நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்த வேண்டும். மருந்துகளும் பெருங் கருவிகளும் தேவைப்படுவன நூற்றுக்கு ஒன்றிலும் குறைவே.

இறந்ததென்று எண்ணப்படும் உயிர்

அழாமலும் அசையாமலும் நீலம் பூத்துப் பிறக்கும் குழந்தையைக் கண்டதும், அது செத்துப் பிறந்ததென்று முடிவு கட்டிவிடுதல் எளிது. ஆனால் மூச்சு நின்ற பிறகும் இருதயம் சிறிது நேரம் துடித்துக்கொண்டிருக்கும். கொப்பூழ்க்கொடியைத் தொட்டுப் பார்த்தால் அத்துடிப்பை விரலால் உணரலாம். அந்தச் சிறிது நேரத்துக்குள் காற்றுச் சென்றுவிட்டால் பிள்ளை பிழைக்கும். செல்லாவிட்டால், உயிரோடு பிறந்த ஒரு குழந்தை இறந்து பிறந்த குழந்தையாகப் பதிவேட்டில் எழுதப்பட்டுவிடும். தாய்க்கும் அவ்வாறே சொல்லப்படும்.

குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து அறைவதும் குளிர்ந்த நீரைத் தெளிப்பதும் முன்னாளிற் பல நாடுகளில் வழக்கமாக இருந்தன. இவற்றால் நன்மை இல்லை, தீமையே உண்டு. இன்று கற்பிக்கப்படும் முறை எளியது. குழந்தையைத் துடைத்து, உலர்ந்த துணியாற் போர்த்திச் சூடு காக்க வேண்டும். மூச்சுப் பாதையை அடைக்கும் பொருள் இருந்தால் அதனை அகற்ற வேண்டும். முதுகைத் தேய்க்க வேண்டும். அப்போதும் மூச்சு வராவிட்டால், பிறந்து ஒரு நிமிஷம் கழியுமுன் பையினாற் காற்றுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். முகமூடி நாடியையும் வாயையும் மூக்கையும் மூடவேண்டும், கண்களை மூடலாகாது. நிமிஷத்துக்கு ஏறக்குறைய நாற்பது முறை பையை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பு உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்கு இதனைத் தொடங்கச் சாதாரணக் காற்றே போதும். பிராணவாயுக் கலனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இம்முதல் நிமிஷத்துக்குப் 'பொன் நிமிஷம்' என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

பொம்மைக்காரர் செய்த உதவி

கைவிட்டதும் தானாகவே விரிந்து காற்றை நிரப்பிக்கொள்ளும் அந்தப் பையை 1956ஆம் ஆண்டில் டென்மார்க் தேசத்தில் ஹென்னிங் ரூபன் என்ற வைத்தியரும் ஹோல்கர் ஹெஸ்ஸே என்ற பொறியியலாளரும் உருவாக்கிப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தனர். நோர்வேயின் ஸ்டவாஞ்சர் நகரிலே விளையாட்டுப் பொம்மைகள் செய்துவந்த ஓஸ்முண்ட் லேர்டால் என்பவர், 1960இல், மூச்சு நின்றவரை மீட்கும் முறையைப் பழகுவதற்கென ஆளளவான ஒரு பொம்மையைச் செய்தார். அவருடைய நிறுவனமே ஐம்பது ஆண்டுகளின் பின்னர் வறிய நாடுகளின் மருத்துவிச்சிகளுக்காக ஒரு குழந்தைப் பொம்மையை ஆக்கிற்று. அதனுள் நீரை நிரப்பினால் கையில் ஏந்தும்போது பிறந்த குழந்தையின் கனம் தெரியும். கற்பிப்பவர் சிறு குமிழ்களை அழுத்தி அதனை மூச்சுவிடச் செய்யலாம். கொப்பூழ்க்கொடியைத் துடிக்கச் செய்யலாம். வேண்டுமானால் அழவும் வைக்கலாம்.

அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம், உலக சுகாதார நிறுவனம் முதலியவற்றோடு சேர்ந்து 2010இல் வெளியிட்ட பயிற்சித் திட்டத்துக்கு இப்பொம்மையே ஆசான். 'குழந்தைகள் மூச்சுவிட உதவுவோம்' என்பது அத்திட்டத்தின் பெயருக்குரிய பொருள். நீண்ட விரிவுரைகள் அதிற் கிடையா. செய்ய வேண்டியவை யாவும் ஒரே படத்தாளிலே பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிறங்களிற் காட்டப்பட்டிருக்கும். இருவர் இருவராகச் சேர்ந்து பொம்மையை வைத்துக்கொண்டு பழகுவர்.

கிழக்கு ஆபிரிக்காவிலுள்ள தன்சானியா இத்திட்டத்தை முதலிற் பரீட்சித்த நாடுகளுள் ஒன்று. அங்கே எட்டு வைத்தியசாலைகளில் நடத்தப்பட்ட ஆராய்ச்சியின் முடிவுகள் 2013இல் வெளியாயின. பிறந்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் பயிற்சிக்குப் பின் நூற்றுக்கு 47 பங்கு குறைந்திருந்தது. பிரசவ வேளையிலேயே இறந்து பிறந்தன என்று பதியப்படும் குழந்தைகளின் விகிதமும் நூற்றுக்கு 24 பங்கு குறைந்தது. இரண்டாவது செய்தி நம்மைத் திடுக்கிட வைக்கிறது. முன்பு இறந்தனவாக எண்ணப்பட்ட குழந்தைகளுட் சில உண்மையில் மூச்சுக்காகக் காத்திருந்தவை என்றே இதற்குப் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது.

கற்றது கையில் நிற்க

இத்துடன் கதை முடிந்ததென்று நாம் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் அதே தன்சானியாவின் வட பகுதியில், ஹேடொம் என்னும் நாட்டுப்புறத்து வைத்தியசாலை மற்றொரு பாடத்தைக் கற்பித்தது. அங்கே அக்காலத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐயாயிரம் பிரசவங்கள் நடைபெற்றன. மூச்சுவிடாத குழந்தைகளை ஆராய்ந்த வைத்தியர்கள், பையினாற் காற்றுக் கொடுக்கத் தொடங்குவதில் முப்பது விநாடி தாமதிக்கும் ஒவ்வொரு முறையும், குழந்தை இறப்பதற்கோ நெடுநாள் சிகிச்சையில் இருப்பதற்கோ உள்ள அபாயம் நூற்றுக்கு 16 பங்கு கூடுவதைக் கண்டனர்.

2010 ஏப்பிரிலில் அவ்வைத்தியசாலையின் ஊழியர்களுக்கு ஒருநாட் பயிற்சி அளிக்கப்பட்டது. ஏழு மாதங்களின் பின்னர் பொம்மையை வைத்து அவர்களைச் சோதித்தபோது, முன்னிலும் மிகுதியானோர் தேறினர். ஆனால் பிரசவ அறையில் நடந்தவற்றைக் கவனித்துக் குறித்தவர்கள் வேறொன்றைக் கண்டனர். உண்மைக் குழந்தைகளுக்கு அளிக்கப்பட்ட உதவியில் மாற்றமே காணப்படவில்லை! பொம்மைக்குச் செய்யத் தெரிந்ததை, குருதியும் கூக்குரலும் பதற்றமும் நிறைந்த அந்த ஒரு நிமிஷத்தில் பிள்ளைக்குச் செய்ய அவர்களின் கைகள் முந்தவில்லை.

அவர்கள் மனந்தளரவில்லை. பயிற்சியின் முறையை மாற்றினார்கள். 2011 பெப்ரவரி முதல், வேலை செய்யும் இடத்திலேயே வாரந்தோறும் மூன்று முதல் ஐந்து நிமிஷம் பொம்மையுடன் பழகினார்கள். மாதத்துக்கு ஒருமுறை நாற்பது நிமிஷப் பயிற்சியும் நடந்தது. அதன் பின்னர் துடைத்துத் தேய்த்துத் தூண்டப்பட்ட குழந்தைகளின் தொகை கூடிற்று. பையின் உதவி வேண்டிய குழந்தைகளின் தொகை குறைந்தது. முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11 என்றிருந்த நிலை மாறி, 7 என்றாயிற்று. அதே ஊழியர்கள், அதே பை, அதே பொம்மை. இடையிற் சேர்ந்தது அந்தச் சில நிமிஷப் பழக்கம் ஒன்றே.

இதிலே வியப்பில்லை. பரீட்சைக்கு முதல் நாள் மாத்திரம் நெட்டுருச் செய்த பாடம் மறு மாதம் மறந்துபோவதை மாணவர் அறிவர். வீணை பயில்பவள் அன்றாடம் வாசித்தாலன்றி விரல் தந்தியிற் படியாது. அதிலும் மருத்துவிச்சி ஒருத்தி வாரக்கணக்காக நல்ல பிரசவங்களையே பார்த்திருப்பாள். மூச்சற்ற குழந்தை அவள் எதிர்பாராத இரவொன்றில் வந்து சேரும். அப்போது புத்தகத்தைப் புரட்ட நேரமில்லை, யோசிக்கவும் நேரமில்லை. பழகிய கை மாத்திரமே அவளுக்குத் துணை.

2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 23 இலட்சம் குழந்தைகள் பிறந்த முதல் மாதத்துக்குள் இறந்தன என்று ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குக் கூறுகிறது. பிறக்கும் வேளையில் மூச்சுத் தடைப்படுதல் இம்மரணங்களுக்கான பெருங் காரணங்களுள் ஒன்று. அக்குழந்தைகளுக்காக வறிய தேசங்களுக்குப் பொருளுதவி செய்வோர் பொம்மைகளை வழங்குகிறார்கள். பயிற்சி பெற்றோரின் தொகையை அறிக்கைகளில் எழுதுகிறார்கள். அத்துடன் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கொடுத்த பொம்மை எங்கே இருக்கிறது? பழுதாகிவிடும் என்ற கவலையில் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தால் கொடுத்த பணம் வீணே. பலர் கை பட்டு அழுக்கேறி, பிரசவ அறையின் அருகே ஒரு மேசைமேற் கிடக்குமானால், அவ்வூர்த் தாய்மார் சற்று நம்பிக்கையோடு இருக்கலாம்.